நன்றி சொன்னால் வேர் பிடிக்காது

அட, காசை உள்ள வைம்மா லொரேட்டா. முப்பது வருசமா ரோட்டோரம் செடி வித்துப் பொழைச்சவ நான். என்கிட்ட பேரம் பேசி ஜெயிச்சவன் இந்த மலையிலயே கெடையாது. ஆனா ஹார்லன் வீட்டுக்கு விக்கலாமா? மொதல்ல என் புருசன், அப்புறம் உன் புருசன், இப்ப யாருக்கும் இல்ல.

அவன் சாம்பலை இந்தப் பாத்தியிலதான் கலந்தியா? பொருத்தம்தான். இந்த மூணிதழ் வெள்ளைப்பூன்னா உசுரு அவனுக்கு. வெதை போட்டாப் பூக்க ஏழு வருசம். கண்ணு படப்போகுது போ.

இந்தா, இந்த எலையக் கசக்கி மோந்து பாரு. அறுத்துக் காயப்போட்ட வைக்கோல் வாசம் வருதா? பெரணிதான், பூக்காம எலையா விரியுமே, அது. ஏன் மூஞ்சியச் சுளிக்கிற, வெசமா கொண்டாந்திருக்கேன்? தண்ணி கேக்காது, மான் வாய் வைக்காது. உன்னை மாதிரி டவுன்காரிக்கு ஏத்த செடி.

பரவுமாவா? கொஞ்சம் நகரும். நீயுந்தான் டவுன்லேர்ந்து நகந்து வந்த, நான் எதாச்சும் கேட்டனா?

போ, போயி காப்பி போடு. சோளரொட்டி இருந்தா எடுத்தா. வந்து எடத்தைக் காட்டு, சேந்தே நடலாம்.

ம், வந்துட்டியா. கையில மண்ணா? செடி விக்கிறவ கையில மண்ணில்லாம நகப்பூச்சா இருக்கும்? இந்தா, வாளியப் பிடி.

அடிப்பாவி, என்ன சொன்ன? நன்றியா? செடி குடுத்தவங்களுக்கு நன்றி சொன்னா அது வேர் பிடிக்காதுன்னு இங்க நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியுமே! பதினெட்டு வருசம் கூட வெச்சிருந்தான், இதச் சொல்லித் தரலியா அவன்? குடு வாளிய. கையை எடுங்கறேன்ல!

எனக்கு இந்தப் பெரணிய யாரு குடுத்தாவா? அவனேதான். என் வாசல்லயும் இதே வெள்ளைப்பூப் பாத்தி இருந்துச்சு. உன்கிட்ட ஓடி வந்தானே, அந்த வசந்தத்துல கொண்டாந்து நட்டான், வாசமா இருக்கும்னு. மூணே வருசம். மண்ணுக்கடியில வேரு பாய் பின்னுன மாதிரிப் பின்னிக்கிச்சு. ஒரு பூ மிஞ்சல. பிடுங்கப் பிடுங்க வந்துச்சு. நான் நன்றி சொல்லலியே, அதான்.

பயப்படாத, வாளியில இருக்கறது செத்துடும், நீதான் வாயைத் தொறந்துட்டியே. நீ காப்பி போடப் போனப்ப ஏழு துண்டு வேரை மண்ணுக்குள்ள சொருவிட்டேன். அது நீ நன்றி சொல்றதுக்கு முந்தி.

எங்கயா? தோண்டிப் பாரேன். பூவையும் அவனையும் சேத்துத்தான் தோண்டணும்.