ஐந்து ஓட்டை விழுந்த காகிதம்

முதல் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், ஐயா. தோளில் வைக்கும் மரக்கட்டையின் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். இருபத்திரண்டு வருடம் துப்பாக்கிக் கடையில் நின்று விற்றவன் நான், எனக்குத் தெரியும். குறி பார்த்துச் சுடும் போட்டிக்கு எடை தோளுக்குப் பொருந்த வேண்டும், விசை விரலுக்கு இதமாக அழுந்த வேண்டும். முக்கியமாக, பெட்டிக்குள் இருக்கும் காகிதத்தைப் பார்க்க வேண்டும். தொழிற்சாலையில் ஒவ்வொரு துப்பாக்கியையும் ஐந்து முறை சுட்டுப் பார்த்து, ஓட்டை விழுந்த காகிதத்தை அதனுடனேயே அனுப்புவார்கள். ஐந்தும் நெருங்கி விழுந்திருந்தால் தாராளமாக வாங்கலாம்.

என் தம்பி மகள் எதையும் பார்க்கவில்லை. "பெரியப்பா, எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. நீங்களே பாத்து எடுத்துக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

அவள் சுட ஆரம்பித்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதுவும் இரவல் துப்பாக்கியில். என் மகளோ நான்கு வருடமாகத் தோள் வீங்க வீங்கப் பயிற்சி செய்கிறவள். அணியில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். பயிற்சியாளர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "உங்க தம்பி பொண்ணு கையில சொந்தமா ஒண்ணு இருந்தா போதும், வேற யாரையும் பாக்கவே வேண்டாம்." வயிறு எரிந்தது. இல்லை என்று சொல்ல நான் என்ன மகானா?

கடையின் பின்னறையில், ஒருவர் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி கிடந்தது. பழுது பார்ப்பவர் குழலின் அடியில் ஒரு விரிசலைக் காட்டி, "இத யார் கையிலயும் குடுத்துடாதீங்க" என்றிருந்தார். அந்த ஆள் எதையும் ஊதிப் பெரிதாக்குவார். நான் அதைத் துடைத்துப் புதுப் பெட்டியில் வைத்து, வேறொரு நல்ல துப்பாக்கியின் காகிதத்தை உள்ளே போட்டேன். காகிதத்தில் இருக்கும் எண்ணையும் துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கும்போது எங்களுக்கு என்னண்ணே கவலை" என்று கண் கலங்கினான். எனக்கும் கலங்கியது. அது நடிப்பில்லை.

குறி கொஞ்சம் தவறும், அணித் தேர்வில் பின்தங்குவாள், அவ்வளவுதான் என் கணக்கு. குழல் வெடித்து வலது கண் போகும் என்று யாராவது நினைப்பார்களா? ஆஸ்பத்திரி வாசலில் தம்பி மனைவி, "தெரிஞ்சேதான் குடுத்தீங்களா மாமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். மன்னிப்பெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

பயிற்சியாளர் ஏதோ சொல்லியிருக்கிறாராமே, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குழல் வெடித்த அந்தத் தேர்வு நாளன்று சுடுதளத்தில் என் மகளுக்குத் தம்பி மகளை ஒட்டித்தான் இடம் கொடுத்திருந்தார்கள். வெயில் முகத்தில் அடிக்கிறது என்று சொல்லி, என் மகளை அந்தக் கோடிக்கு மாற்ற வைத்தது நான்தான். பெற்ற பிள்ளையைப் பத்திரமாகத் தள்ளி நிற்க வைப்பது எந்த ஊரில் ஐயா குற்றம்?