ஏழாம் பாகத்தில் நான் செய்த சிறு திருத்தம்

நல்ல கருப்பட்டியை உடைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். புத்தகத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. பின்னால் எதையும் மறைத்ததாக இருக்கக் கூடாது.

என் பெயர் காசிலிங்கம். உடன்குடிக் கருப்பட்டி மொத்த வியாபாரம். எங்கள் வியாபாரிகள் சங்க மாத இதழில் புத்தக விமர்சனம் எழுதுவதும் நான்தான். 'உப்புச் சிறகு' கதை வரிசை உங்களுக்கும் தெரிந்திருக்கும். பறக்கும் தோணியில் கடல் கடலாகச் சுற்றுகிற மாலுமி நெடுங்கோ, சிறகு முளைத்த அரசி பனிமொழி, இருவரையும் சேரவிடாத காரிருள் வேந்தன். தூத்துக்குடியில் இந்தக் கதை தெரியாத கல்லூரிப் பிள்ளை கிடையாது. முதல் ஆறு பாகங்களுக்கும் நான் எழுதிய விமர்சனத்தில் ஒரு குறை சொன்னவர் இல்லை.

ஏழாவதும் கடைசியுமான பாகம் ஆகஸ்டில் வருவதாக இருந்தது. எங்கள் ஆகஸ்ட் இதழோ ஜூலையிலேயே அச்சாகிவிடும். அதனால் என்ன? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நான் ஆறு சோறு பார்த்தவன். 'நெடுங்கோவுக்கும் பனிமொழிக்கும் கல்யாணம் நடக்கும் கடைசி அத்தியாயம் நெஞ்சை நிறைக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். இதழ் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது.

என் கடைக்கு அடுத்த கடை பிளாரன்ஸ் அம்மாவின் புத்தகக்கடை. மாதா கோயில் திருவிழாவுக்காக அதைப் பூட்டியிருந்தார். லாரிக்காரர்கள் ஏழாம் பாகக் கட்டுகளை என் கடையில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஒன்றை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தேன். நெடுங்கோ மழையில் நனைந்து, உப்பாகக் கரைந்து செத்துப்போகிறான். பனிமொழி ஒப்பாரி வைக்கிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் செத்ததற்காக அல்ல. ஒரு விமர்சனம் பொய்த்தாலும் இதழின் விமர்சனப் பக்கம் பாத்திரக்கடை மகாராஜன் கைக்குப் போய்விடும். அந்தப் பக்கத்தில் என் போட்டோ வரும். அதைவிட்டால் எனக்கு வேறு பெருமை இல்லை, ஐயா.

நிதானமாக யோசித்தேன். விமர்சனமும் புத்தகமும் ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒன்றைத் திருத்த வேண்டும். விமர்சனம் ஊரெல்லாம் பரவிவிட்டது. புத்தகம் என் கடையில்தான் இருந்தது. யாராக இருந்தாலும் எது சுலபமோ அதைத்தான் செய்வார்கள்.

புதிய அத்தியாயத்தை நானே எழுதினேன். அச்சடிக்கப் பேச்சிராஜாவிடம் போனேன். அவன் கல்யாணப் பத்திரிகை மட்டுமே அடிப்பவன். பதிப்பகத்தார் திருத்தச் சொன்னதாக அவனிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, கல்யாணமுன்னா மேல பிள்ளையார் போடணுமே?"

"ஏலே, இது கதைப் புத்தகம்."

"கதையில நடந்தாலும் கல்யாணம் கல்யாணந்தான? சொந்தக்காரவுக பேர விட்டுட்டா நாளைக்குச் சண்டைக்கு வருவாவ."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் ஆறாம் பாகத்தில் செத்த காரிருள் வேந்தன், 'தெய்வத்திரு' என்ற அடைமொழியோடு மணமகளின் பெரியப்பா வரிசையில் இருக்கிறார். ஏழு தலை நாகம் தாய்மாமன். கடைசியில் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று கடல் பூதங்கள் எல்லாருடைய பெயரும் உண்டு. மணமகள் பெயருக்குப் பின்னால் படிப்பு எதுவும் போடவில்லை. அது எனக்கே குறையாகத்தான் தெரிந்தது.

பழைய பக்கங்களை அறுத்தெடுத்துப் புதியதை ஒட்டி, கட்டுகளைப் பழையபடியே கட்டி பிளாரன்ஸ் அம்மாவிடம் ஒப்படைத்தேன். விற்பனை சூடு பிடித்தது.

"அண்ணாச்சி, மெட்ராஸ்ல இந்தப் புத்தகத்தப் படிச்சவுக எல்லாம் அழுதாவளாம். நம்ம ஊர்ல மட்டும் சிரிச்சிக்கிட்டே வாராவ," என்றார்.

"உப்புக்காத்து குடிச்ச மனசும்மா. கெட்டியாத்தான் இருக்கும்," என்றேன்.

நான் செய்த ஒரே பிசகு சிக்கனம்தான். அறுத்த தாள்களை எரித்திருக்க வேண்டும். நல்ல கனமான தாள். வியாபாரிக்கு மனசு வருமா? சில்லறைக் கருப்பட்டி மடிக்க வைத்துக்கொண்டேன். போன வாரம் எழுத்தாளர் கமலினி, வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட பிளாரன்ஸ் அம்மாவின் கடைக்கு வந்தார். அவருக்குச் சுக்குக் காப்பி போட என் கடையிலிருந்து கால் கிலோ கருப்பட்டி போனது. பொட்டலத்தைப் பிரித்தவர் எழுத்தாளரேதான். நெடுங்கோ கருப்பட்டிப் பிசுக்கோடு கரைந்துகொண்டிருந்தான்.

அந்தத் தாளை ஒரு கையிலும் புத்தகத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு நேரே என் கடைக்கு வந்தார். கல்யாணத்தை நின்றபடியே முழுதும் படித்தார்.

"இந்த ஒரு சாவை எழுதத்தான் பத்து வருஷமா ஏழு பாகம் எழுதினேன். நாகத்தை எதுக்குங்க தாய்மாமன் ஆக்குனீங்க?" என்று கேட்டு அழுதார்.

"தாய்மாமன் இல்லாம மாலை யாரும்மா எடுத்துக் குடுக்கது?" என்றேன்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தார். அவர் அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், ஐயா. பெற்ற பிள்ளைபோல வளர்த்தவனைக் கொன்றது அவர். கல்யாணம் செய்து வைத்தது நான். ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பதும் நான்.

ஆக, அறுத்ததும் ஒட்டியதும் எழுதியதும் நானே. பேச்சிராஜா மேல் குற்றமில்லை. இனி ஒரு வரிகூட எழுதப் போவதில்லை என்று கமலினி அம்மா கோபத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதை மட்டும் நீங்கள்தான் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். எட்டாம் பாகத்துக்கான என் விமர்சனம் நேற்றே அச்சுக்குப் போய்விட்டது. பிரதி ஒன்றை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர் அதைப் பார்த்து எழுதினால் போதும். மறுபடியும் என்னைத் திருத்த வைக்க வேண்டாம்.