ஐந்தாவது கூண்டு

உடையப்பன்: கிளாரிசா, வண்டிய ஓரமா நிறுத்து.

கிளாரிசா: மறுபடியுமா? இப்பத்தானே அண்ணே கம்பார்ல நிறுத்தினோம். தாப்பா ஊரக்கூட தாண்டல.

உடையப்பன்: கூண்டுக்குக் காத்து போகுதான்னு பாக்கணும்லா.

கிளாரிசா: அஞ்சுக்கும் போகுது. கமுந்திங் ஃபேக்டரில ரெண்டாயிரம் பேர வேல வாங்குற முதலாளி... காட்டுல விடப் போற அஞ்சு குருவிக்கு இந்தப் பாடு!

உடையப்பன்: குருவி இல்ல, முராய், பாட்டுப் பறவ. கடத்தல்காரன்கிட்டருந்து மீட்டப்ப பாத்தல்ல? தண்ணிப் போத்தல்ல அடைச்சு...

கிளாரிசா: பாத்தேன். எட்டு மாசமா நீங்க புழு ஊட்டி வளத்ததையும்தான் பாத்தேன்.

உடையப்பன்: இரு... பாடுது.

கிளாரிசா: பாடட்டுமே.

உடையப்பன்: கடைசிக் கூண்டா?

கிளாரிசா: எல்லாத்துக்கும் துணி போட்டிருக்கு, எனக்கு எப்படித் தெரியும்? ஏன் அண்ணே இப்படி வேர்க்குது? ஏர்கோன கூட்டவா?

உடையப்பன்: வேணாம்... கிளாரிசா...

கிளாரிசா: சொல்லுங்க.

உடையப்பன்: ஈப்போ கண்காட்சிக்கு... நான் வரைஞ்சது எத்தன படம் போகுது?

கிளாரிசா: முப்பது. அதுல பதினெட்டு அந்தப் பெரிய முராய்தான். அதுக்குத்தான் இறக்க இன்னும் ஆறலன்னு சொன்னீங்களே.

உடையப்பன்: ஆமா. அதான் அத வீட்ல விட்டுட்டு, சின்னத கடைசிக் கூண்டுல வச்சேன்.

கிளாரிசா: பாவம்.

உடையப்பன்: ம்... மெதுவாப் போ.

கிளாரிசா: இதுக்கு மேல மெதுவான்னா இறங்கித் தள்ளணும்!

உடையப்பன்: தள்ளுவோம்.

கிளாரிசா: சிலிம் ரிவர் வந்தாச்சு அண்ணே. நீங்க வாங்கிப் போட்ட எஸ்டேட்டப் பாருங்க, ரப்பர் மரமே தெரியல. முழுக் காடு.

உடையப்பன்: இறங்கு. ஒவ்வொண்ணாத் திற. பதறாம.

கிளாரிசா: ஒண்ணு... அம்மாடி, என்னா வேகம்! ரெண்டு... மூணு... நாலாவது, போ, போ... கடைசி ஒண்ணு. நான் திறக்கவா?

உடையப்பன்: நகரு. நான் திறக்கிறேன்.

கிளாரிசா: துணிய எடுங்க முதல்ல.

உடையப்பன்: துணி இருக்கட்டும்.

கிளாரிசா: கதவு திறந்தாச்சு அண்ணே.

உடையப்பன்: போ... போடா... ம். போயிட்டான்.

கிளாரிசா: அண்ணே... திட்டாதீங்க. இறக்க ஆறாதது சின்னதுக்குத்தான், டாக்டர் ரிப்போர்ட்டப் பாத்துட்டேன். காலையில நான்தான் கூண்ட மாத்தினேன். இப்பப் போனது உங்க பெரிய முராய்.

உடையப்பன்: அவன் வண்டியில பாடுனப்பவே தெரிஞ்சிடுச்சு கிளாரிசா. வண்டியத் திருப்புன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன்... படம் எத்தனன்னு கேட்டுட்டேன்.