லாட்ஜுக்கு மட்டும் தனிச் சூரியன்

சுரண்டையிலிருந்து தென்காசி போகும் பஸ். வெளியே சாரல். என் முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். ஜன்னலோரம் இருந்தவன் மடியில் லேப்டாப்பை விரித்து வைத்திருந்தான்.

“சூரியனை வடமேற்குல வச்சிருக்கேம்லே” என்றான்.

“அங்கன எவம்லே சூரியனை வைப்பான்?” என்றான் மற்றவன்.

“இது மேப்புல மலைக்கு நிழல் போடுத டூல். அங்கன வச்சாத்தான் மலை மேடாத் தெரியும்னு எல்லாரும் அங்கனதான் வைக்காங்க. மேப்பு போடச் சொன்ன ஐந்தருவி லாட்ஜ் அண்ணாச்சிதான் ஒத்துக்க மாட்டேங்காரு. மலைக்குக் கிழக்க இருக்கதால அவரு லாட்ஜு நிழல்ல கெடக்கு. இருட்டு லாட்ஜுக்கு எவன் வருவான்ங்காரு.”

“அப்போ சூரியனை மாத்தி வையி.”

“வச்சேனே! தென்கிழக்கு மூலைக்கு இழுத்தேன். பாக்கதுக்கு மலை பூரா பள்ளமாயிட்டு. அருவி கீழருந்து மேல ஏறுத மாதிரி இருக்கு.”

“அண்ணாச்சி என்ன சொல்லுதாரு?”

“மலை எப்படியும் போட்டும், லாட்ஜுல வெயில் அடிக்கணும்ங்காரு. அதான் லாட்ஜுக்கு மட்டும் தனியா ஒரு சூரியன் வைக்கேன். இன்னைக்கு அவரு சரின்னு சொல்லலன்னா நம்ம வேலை போச்சு.”

அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் மெல்லத் திரும்பினார்.

“தம்பி, எங்க வீடு இலஞ்சில இருக்கு. வைக்கதுதான் வைக்கிய, எங்க மொட்டை மாடிக்கும் ஒண்ணு வச்சிருங்க. சாரல் தொடங்குனதுலருந்து வத்தல் காயவே மாட்டேங்கு.”

லேப்டாப்காரன் சிரிக்கவில்லை. மேப்பை இலஞ்சிப் பக்கம் நகர்த்தினான்.

“எந்தத் தெரு, அக்கா?”