பின்கதவின் மேல்மூலை

பழைய அம்பாசடருக்குள் தண்ணீர் இறங்கினால், ஈரம் தெரிகிற இடத்தில் ஓட்டையைத் தேடக்கூடாது, ஐயா. தண்ணீர் ஓர் இடத்தில் நுழையும். தகரத்தின் உட்புறமாகவே ஓடி வேறோர் இடத்தில் சொட்டும். என் வண்டியில் அது இன்னும் விசித்திரம். காலி வண்டியை இரண்டு மணி நேரம் நனைத்தாலும் உள்ளே காய்ந்தே இருக்கும். ஆள் ஏறி மழையில் போனால் பின்சீட்டு ஊறிவிடும்.

ஆரம்பாக்கத்தில் அண்ணன் ஆசீர்வாதமும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அவர் மகள் ஸ்நேகாவுக்கு அடுத்த வாரம் கல்யாணம். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பூ ஜோடித்த காரில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப்போவார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து வாங்கி, நானே சரிசெய்த வண்டி இது. இதில்தான் அழைத்துப்போவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் சாயங்காலமானால் கோடைமழை பிடித்துக்கொண்டிருந்தது.

"சித்தப்பா, வெள்ளை கவுன்ல ஒரு சொட்டு பட்டுச்சுன்னா நான் ஷேர் ஆட்டோ புட்ச்சி போய்க்கினே இருப்பேன். நீ உன் வண்டியக் கட்டிக்கினு அழு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

சோதிக்கும் முறை எளிது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எல்லா இடுக்குகளையும் வெளியிலிருந்து டேப் ஒட்டி மூடவேண்டும். பிறகு ஒவ்வொரு டேப்பாகப் பிரித்து அந்த இடத்தில் தண்ணீர் அடிக்கவேண்டும். உள்ளே பாரம் இருக்கவேண்டும். மணல் மூட்டை வைத்துப் பார்த்தேன். மூட்டை சீட்டில் உட்காருமே தவிர, கதவில் சாயாது. மனிதன் சாய்வான்.

அண்ணனுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விளங்காமல் போயின. பேச்சும் குழறும். ஸ்நேகா கம்பெனிக்கு முதல் ஷிப்ட் போனால் மூன்று மணிவரை அவரைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அன்று அவரைத் தூக்கிவந்து பின்சீட்டில் வலது ஓரமாக உட்காரவைத்தேன். கதவின் கைப்பிடி அவருடைய வலது கைப்பக்கம் இருந்தது. அதை யோசித்துத்தான் செய்தேன். வேறு யாராக இருந்தாலும் நடுவில் கதவைத் திறந்து டேப்பைக் கெடுத்துவிடுவார்கள்.

பதினொரு மணிக்குத் தொடங்கினேன். கூரைமேல் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தவரை உள்ளே சூடு தெரிந்திருக்காது. அரை மணியில் கரண்ட் போய் மோட்டார் நின்றது. வெயிலில் கூரை ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

அண்ணன் இடது கையால் கண்ணாடியைத் தட்டினார். குனிந்து பார்த்தேன்.

"எறக்குடா... மூச்சு முட்டுது."

மற்றவர்களுக்குப் புரியாவிட்டாலும் அவர் பேச்சு எனக்குப் புரியும். "கரண்ட் வரட்டும்ண்ணே. ஒரு பக்கந்தான் பாக்கிகீது" என்றேன்.

கதவைத் திறந்தால் டேப் விட்டுவிடும். ஈரத் தகரத்தில் புது டேப் ஒட்டாது. துடைத்துக் காயவைத்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். மின்வாரியத்துக்குப் போன் செய்தேன். லைனில் வேலை நடக்கிறது, எப்போது வரும் என்று சொல்லமுடியாது என்றார்கள். என் கையில் என்ன இருக்கிறது, ஐயா? வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தட்டுகிற சத்தம் இடைவெளி விட்டு விட்டுக் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. அண்ணன் தன் முழுப் பாரத்தையும் கதவில் போட்டுச் சாய்ந்திருந்தார். அதுவரை அவர் ஐந்து நிமிடம்கூட ஒரே நிலையில் இருந்ததில்லை. என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் முதலில் அந்தப் பக்கத்து டேப்பைப் பிரித்துத் தண்ணீரைத் திறந்தேன். கதவின் மேல்மூலையிலிருந்து கண்ணாடியின் உட்பக்கமாக ஒரு நூல்போலத் தண்ணீர் இறங்கி அவர் கன்னத்தில் விழுந்தது. அந்த இடத்தைச் சாக்பீஸால் குறித்தேன். அதற்குப் பிறகு கதவைத் திறந்தேன்.

ஸ்நேகா வந்து அழவில்லை. "கதவத் தொறக்க எத்தினி நேரம் ஆவும் சித்தப்பா?" என்று மட்டும் கேட்டாள். ஒரு நொடி என்றேன். டேப் விஷயத்தையும் விளக்கத் தொடங்கினேன். அவள் நின்று கேட்கவில்லை. நீங்களாவது பொறுமையாகக் கேட்டு வாக்குமூலம் எழுதிக்கொள்கிறீர்கள்.

பின்கதவுக்குக் கீழே உள்ள சட்டம் துருவில் மெலிந்திருக்கிறது. ஆள் சாய்ந்தால் அது தாழ்ந்து, மேல்மூலையில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விழுகிறது. சட்டத்தின் அடியில் ஒரு பட்டைத் தகடு வைத்து வெல்டிங் செய்து, மூலையில் இரண்டாவதாக ஒரு ரப்பர் ஒட்டினால் போதும். பிறகு யார் சாய்ந்தாலும் ஒரு சொட்டு இறங்காது.