கருப்படித்த பெயர்

— கருப்பு. இதுவும் கருப்பு. ஏனுங்க, இந்தப் பக்கத்துல தேதியத் தவிர மொத்தத்துக்கும் கருப்பு மையி அடிச்சு வெச்சிருக்காங்க பாருங்க.

— வண்டி ஓட்டிட்டிருக்கேன், நான் எப்படி அம்மிணி பாக்கறது? மொதல்ல பெல்ட்ட ஒழுங்காப் போடு.

— போட்டுட்டுத்தானுங்க இருக்கேன். தகவல் கேட்டு எழுதிப் போட்டு, மாசக்கணக்கா நாயா அலைஞ்சதுக்கு இதானா? ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஆபீஸ்ல அந்தப் பொண்ணு சிரிச்சுட்டே கட்டத் தூக்கிக் குடுத்துட்டு, 'ஹேவ் எ கிரேட் டே'ங்கறா. கெரகம், நான் வேற அவளுக்குத் தேங்க்ஸ் சொல்லீட்டு வந்தேன்.

— அதான் கைக்கு வந்துருச்சில்ல, விடு. வீட்டுக்குப் போய் ஆற அமரப் பாத்துக்கலாம். மகிழனக் கூப்புடற நேரம் ஆச்சு.

— ஸ்கூல் முன்னால பிக்கப் லைன்ல எப்படியும் உக்காந்துதானுங்க கெடக்கோணும். அங்க படிச்சா என்ன, வீட்டுல படிச்சா என்ன? எனக்கு அந்த ஒரு ஆளு யாருன்னு தெரியோணும். அவ்வளவுதான்.

— தெரிஞ்சு என்ன பண்ணப்போற? ஸ்கூல் போர்டு ஓட்டுப் போட்டாச்சு. ஆகஸ்ட்ல மகிழனோட ஸ்பெஷல் கிளாஸ மூடறாங்க. முடிஞ்சு போன விசயம்.

— உங்களுக்கு முடிஞ்சு போச்சு. ஆகஸ்ட்ல அவன பஸ்ஸுல ஏத்தி, ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கற பெரிய கட்டடத்துக்கு அனுப்பப் போறது நானுங்க. பஸ்ஸு சத்தம் கேட்டாலே காதப் பொத்தீட்டுத் தரையில உக்காந்துக்கறவன். இந்த ஸ்கூல் வாசப்படிய அழுகாமத் தாண்டறதுக்கே ரெண்டு வருசம் ஆச்சு. இப்பத்தான் அந்த கேரல் டீச்சர் கையப் புடிச்சுட்டு 'ஹாய்'ங்கறான். ஒம்பது வயசுல பேசுன மொத வார்த்தைங்க அது. அம்மான்னுகூட இன்னும் கூப்புட்டதில்ல.

— எனக்கு மட்டும் தெரியாதா அம்மிணி?

— தெரிஞ்சா 'விடு விடு'ன்னு சொல்ல மாட்டீங்க. அன்னைக்கு போர்டு மீட்டிங்ல எனக்கு மைக் குடுத்தாங்க, நெனப்பிருக்குதா? எழுதி, மனப்பாடம் பண்ணி, கண்ணாடி முன்னால நின்னு பேசிப் பாத்துட்டுப் போனேன். மகிழன் பேரச் சொன்னதோட பேச்சு நின்னு போச்சு. தண்ணி குடிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கறதுக்குள்ள நேரம் முடிஞ்சுதுன்னு மணியடிச்சுட்டாங்க. 'தேங்க் யூ ஃபார் யுவர் பேஷன்'னாரு அந்தத் தலைவரு. நீங்க கடைசி வரிசையில தலையக் குனிஞ்சுட்டு உக்காந்திருந்தீங்க.

— அழுதுருவேன்னுதான் குனிஞ்சுட்டேன்.

— நான் அழுதுட்டேன், அது பரவால்லீங்களா? அதுக்கப்புறமேட்டு சூப்பரின்டென்டன்ட் அம்மா எந்திரிச்சு என்ன சொல்லுச்சு? 'இது எங்க முடிவு இல்ல, இந்தக் கொழந்தைகளப் பெத்தவங்களே கேட்டது. ஒரு அப்பா தலைநகரம் ஆஸ்டின் வரைக்கும் வந்து பேசினாரு'ன்னு. எந்த அப்பன்? புள்ளையப் பெத்தவன் எவனாவது போயி இதக் கேப்பானா?

— ஃபோன் அடிக்குது பாரு. ஜலஜா அக்கா.

— அக்கா, சொல்லுங்கக்கா. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், இவரும் பக்கத்துல இருக்காரு.

— எழில், வந்துடுத்தா? கையில வாங்கிட்டியா?

— வாங்கிட்டேங்க்கா. உங்க பேரச் சொல்லித்தான் வாங்குனேன். பேருக்குக் கட்டுக் கனமா இருக்குது, உள்ள பூராக் கருப்பு.

— அப்படித்தான் பண்ணுவான்னு நேக்குத் தெரியும். வேலுமணியுமா வந்திருக்கார்? ஆச்சரியமா இருக்கே. இந்தப் பேச்செடுத்தாலே கார் கழுவப் போயிடுவாரே!

— வணக்கங்க்கா. இன்னைக்கு லீவு போட்டேன்.

— நல்லதுப்பா. ஒண்ணு தெரியுமோ? க்ரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு, எங்க பேர் வேண்டாம்னு சொல்லி என் பேர்ல கேக்க வெச்சேளே? எங்காத்துப் பையன் க்ரிஷ் சட்டத்தப் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றான், சிட்டிசனாவே இருக்க வேண்டாமாம். யார் வேணா கேக்கலாமாம். வேற ஊர்ல, காப்பெல்ல உக்காந்துண்டிருக்கற நான் உங்க டிஸ்ட்ரிக்ட்ட கேட்டதுக்கே பதில் சொல்லியாகணும்னா பாரேன். நீங்க கேட்டா என்ன குறைஞ்சு போயிடப் போறது?

— எதுக்கும் சேஃபா இருக்கட்டும்னு நெனச்சேங்க்கா.

— இவரு கேக்கவே வேண்டாம்னுதான் மொதல்ல சொன்னாருங்க்கா. நாந்தான் சோறு ஆக்க மாட்டேன்னு ஒக்காந்துட்டேன்.

— நன்னா பண்ணினே. ஆனா என்ன பிரயோஜனம் சொல்லு. நாம கட்டற வரியில டிஸ்ட்ரிக்ட்காரா ஆஸ்டின்ல லாபியிஸ்ட்னு ஒரு ஆள வெச்சுக்கறா. அவன் எம்.எல்.ஏ ரூம் ரூமாப் போயி, நம்ம பேரைச் சொல்லியே ஒரு சட்டம் வாங்கிண்டு வரான். இந்த மாதிரி கிளாஸெல்லாம் ஒரே கட்டடத்துல கொண்டு போய் வெச்சா ஸ்டேட் கூடப் பணம் குடுக்கும்னு. என்னடா கேட்டேள்னு நாம கேட்டா, மறைக்கறதுக்கு ஒரு வக்கீல். அந்த வக்கீலுக்கும் நாமதான் அழறோம். என்ன லட்சணமோ இது!

— நாம கேட்ட காகிதத்தக் குடுக்கலாமா வேண்டாமான்னு ஸ்டேட் ஆபீஸுக்கு எழுதிப் போட்டுட்டே காலத்த ஓட்டிட்டாங்களேக்கா.

— அதானே சாமர்த்தியம்! பதில் வரதுக்குள்ள அங்க சட்டம் பாஸாயிடுத்து, இங்க போர்டும் ஓட்டுப் போட்டுடுத்து. இப்போ உன் கையில காகிதம் இருக்கு. ஸ்கூல்தான் இல்ல.

— அப்படிச் சொல்லாதீங்கக்கா.

— சாரிடி. கோவத்துல வந்துடுத்து. சரி, சொல்றேன் கேளு. அந்த அப்பா பேரை மறைக்கலாம்னு ஸ்டேட் சொல்லிடுத்து, அது உனக்குக் கிடைக்காது. சட்டசபையில மைக்ல பேசியிருந்தா வீடியோவாவது இருந்திருக்கும். அந்த லாபியிஸ்ட் அவரை ஒரு எம்.எல்.ஏ ரூமுக்குள்ள அழைச்சுண்டு போயி, கதவைச் சாத்திண்டு பேச வெச்சிருக்கான். ஆனா அவர் பேசினதை எழுத்துல ஒரு காப்பி டிஸ்ட்ரிக்ட்டுக்கு அனுப்பியிருக்கான். அதைத் தரணும்னு உத்தரவாயிருக்கு. கட்டோட கடைசில பாரு.

— கடைசீலயா? இருங்க்கா… இருக்குதுங்க்கா! மார்ச் மாசம்னு போட்டிருக்குது.

— நிதானமாப் படி. தெரிஞ்ச மனுஷாளா இருந்தா உனக்கே புரிஞ்சுடும். நான் பொண்ணு தீக்ஷாவ வாலிபால்ல விடணும், அப்புறமாக் கூப்பிடறேன். ஏம்ப்பா வேலுமணி, அவளைப் பாத்துக்கோ. ரொம்பத் தவிச்சுப் போயிருக்கா.

— சரிங்க்கா.

— மார்ச்லயா… ஏனுங்க, மார்ச்ல நீங்களும் ஆஸ்டின்லதான இருந்தீங்க? கிளையன்ட் மீட்டிங்குன்னு போனீங்களே. அப்ப வாங்கீட்டு வந்த அந்த நட்சத்திரப் பந்தத்தான் மகிழன் இன்னும் தலைமாட்டுல வெச்சுட்டுத் தூங்கறான்.

— ஆஸ்டின் பெரிய ஊரு அம்மிணி.

— நான் சும்மா சொன்னேனுங்க. அன்னைக்கே அந்த ஆளும் அங்க இருந்திருப்பான் போல. அவன் மட்டும் நல்லா இருந்துருவானா? என்ற வயிறு எரியற எரிச்சலுக்கு…

— அம்மிணி! அப்படிச் சொல்லாத.

— ஏன் சொல்லக்கூடாது? நெம்ப நல்லவனாட்டம் பேசாதீங்க. நமக்குப் பண்ணுனது அவன்தான.

— அவனுக்கு என்னத்தச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்களோ. பேசிக்கலி, 'சார், உங்கள மாதிரி ஒரு ஃபாதர் பேசினா இந்தக் கொழந்தைகளுக்கு நெறைய ஃபண்ட் வரும்'னு சொல்லியிருப்பாங்க. விடியக்காலம் பஸ்ஸுல ஏத்தி, ஒரு சாண்ட்விச்சக் கையில குடுத்து, கோட்டுல பேட்ஜு குத்தி விட்டிருப்பாங்க. பேச வேண்டியதயும் அவங்களே எழுதிக் குடுத்திருப்பாங்க. கிளாஸ மூடறதுக்குன்னு எவன் சொல்லியிருப்பான்? நம்மாளுகளுக்கு வெள்ளைக்காரன் சார்னு கூப்புட்டாப் போதும், எதுன்னு கேக்காமத் தலையாட்டுவோம்.

— நம்மாளுன்னு யாருங்க சொன்னா?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— நம்மாளாவும் இருப்பான். யாரு கண்டா? நீங்களே ஸ்கூல் மீட்டிங்ல எத நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுட்டு, மைசூர்பாக்கு டப்பாவும் குடுத்துட்டு வர்றவருதான. 'இந்த வருசம் ஸ்பீச் தெரபி பாதியாக் குறைக்கறோம்'னாங்க. 'ஷ்யூர், ஷ்யூர், தேங்க் யூ சோ மச்'ன்னீங்க. காருக்கு வந்து நான் கத்துன பொறகுதான் உங்களுக்கே வெளங்குச்சு.

— கோவிச்சுட்டா நாளைக்கு நம்ம பையனப் பாத்துக்க மாட்டாங்களோன்னு ஒரு பயம். நாம இல்லாத நேரத்துல அவன் அவங்க கையிலதான இருக்கான்? என்ன நடந்துச்சுன்னு வந்து சொல்லவும் தெரியாதவன்.

— அந்தப் பயம் எனக்கும் இருக்குதுங்க. இருந்தாலும் கேக்கறேன்ல?

— நீ கேக்கற. நான் கேக்கல. ஒத்துக்கறேன். இப்ப அத உள்ள வை அம்மிணி. அவன் வந்து ஏறும்போது உன்ற மொகம் இப்படி இருக்கக் கூடாது.

— ஸ்கூல் வந்தும் லைனு நகரவே இல்லீங்களே, முன்னால அவ்வளவு வண்டி நிக்குது. படிச்சுட்டே வர்றனுங்க. இங்கிலீஷ்ல படிச்சா எனக்கு மனசுல ஒட்டாது, நம்ம பேச்சுலயே சொல்லிப் பாக்கறேன்.

— வேண்டாம் அம்மிணி.

— ஏனுங்க உங்களுக்கு இப்படி வேர்க்குது? ஏசியக் கூட்டி வையுங்க. ம்… 'எனக்கு அரசியல் தெரியாது. நான் ஒரு அப்பா, அவ்வளவுதான்.' எடுத்த எடுப்புலயே பாருங்க. 'என் மகன் பேச மாட்டான். அதனால அவனுக்காகப் பேச நான் வந்திருக்கேன்.'

— சரி, போதும்.

— இருங்க. எனக்குத் திட்டோணும்னுதான் இருந்துச்சு, கண்ணுல தண்ணி வருதுங்க. நான் அன்னைக்குப் பேச நெனச்சதும் இதேதான. அந்த மைக்கு முன்னால எனக்கு வராம நின்னுபோன வார்த்தை இது. அவனும் நம்மளாட்டம் ராத்திரியெல்லாம் முழிச்சுட்டுக் கெடக்கறவன்தான் போல.

— ஆமா.

— நான் சபிச்சிருக்கக் கூடாதுங்க. சாமி, மன்னிச்சுக்கோ. அவனுக்கும் தெரிஞ்சிருக்காது. இப்பத் தெரிஞ்சிருந்தா, அந்த மனுசன் பொண்டாட்டி மொகத்த எப்படிப் பாப்பான்?

— பாக்க முடியாது அம்மிணி.

— அதுக்கப்புறம் ஊரு பேரு கருப்பு. ஸ்கூல் பேரும் கருப்பு. 'ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு மூலை ரூமுல எங்க புள்ளைங்க உக்காந்திருக்காங்க.' ஆமா, மூலைதான், ஆனா அவனுக்குப் புடிச்ச மூலை. அப்புறம் என்னமோ மெழுகுவத்தின்னு வருதுங்க. இது எழுதிக் குடுத்ததேதான். நம்ம சனம் எங்க மெழுகுவத்தியப் பத்திப் பேசப் போவுது? 'ஒவ்வொரு ரூமுலயும் ஒரே ஒரு மெழுகுவத்தி இருந்தா…'

— '…எந்த ரூமுக்கும் வெளிச்சம் பத்தாது. எல்லாத்தையும் ஒரே ரூமுல கொண்டு வந்து வையுங்க. அப்பத்தான் என் மகன் மொகம் எனக்கே தெரியும்.'

— என்னங்க சொன்னீங்க?

— லைன் நகருது அம்மிணி. மகிழன் அதோ நிக்கறான் பாரு, கேரல் டீச்சர் கையப் புடிச்சுட்டு.

— ஏனுங்க.

— கதவத் தொற. வர்றான்.

— ஏனுங்க, இந்தப் பக்கம் 'மெழுகுவத்தி இருந்தா'ங்கறதோட முடிஞ்சு போச்சு. அடுத்த பக்கத்த நான் இன்னும் திருப்பவே இல்லீங்க.