கறுப்புக் கோட்டுக்குச் சிவப்பு டை

– அந்தக் கறுப்புக் கோட்டை மட்டும் தொடாதீங்க, சொல்லிட்டேன்.

– பின்ன எதைப் போட்டுக்கிட்டு வரச் சொல்ற? கட்டில் மேல அட்டை வச்சிட்டுப் போயிருக்காங்க பாரு. கப்பல்ல கடைசி ராத்திரி விருந்து. ஆம்பளைங்கன்னா கோட்டு, பொம்பளைங்கன்னா நீளக் கவுனு, இல்லேன்னா அவங்கவங்க பட்டு. எங்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு கோட்டு. முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டல்ல சர்வரா நின்னதுக்கு, ரிட்டயர் ஆகிற அன்னைக்கு முதலாளி கையால மாட்டிவிட்டது.

– அதுதான் வினையே. முந்தாநாள் விருந்துல என்ன நடந்துச்சு?

– என்ன நடந்துச்சு? ஒண்ணும் நடக்கல.

– ஒண்ணும் நடக்கலையா? பக்கத்து மேஜை அம்மா விரலைத் தூக்கினாங்க. மடியில விரிச்சிருந்த துணியை எடுத்து மணிக்கட்டுல போட்டுக்கிட்டு எழுந்து போனீங்க. அப்புறம் நான் உங்களைப் பார்த்தது எப்போ? ஐஸ்கிரீம் வந்தப்போ. அதையும் நீங்களே தூக்கிட்டு வந்தீங்க.

– இங்க சர்வருங்க மாதிரியே கறுப்புக் கோட்டு, கழுத்துல கறுப்பு டை. அந்த அம்மாவைச் சொல்லிக் குத்தமில்ல. தண்ணி கேட்டாங்க. தண்ணி கேட்டவங்களை முகத்துல அடிச்ச மாதிரி அனுப்ப முடியுமா?

– தண்ணி மட்டுமா? நாலு மேஜைக்கு சூப்பு போச்சு. கண்ணாலதானே பார்த்துக்கிட்டிருந்தேன்.

– சொல்றேன் கேளு, காலர்காரி. அந்தப் பக்கமா ஒருத்தர் மூடி போட்ட எட்டுத் தட்டைத் தோள்மேல வச்சுக்கிட்டு வந்தார். எட்டு! கீழ கடல் புரளுது, மேல இவர் நூல் பிடிச்ச மாதிரி நடக்கிறார். ஒரு மூடி இன்னொரு மூடியில இடிச்ச சத்தம் வரல. எண்ணூறு பேர் ஒரே நேரத்துல சாப்பிடுற இடம், ஒரு கரண்டி விழுந்ததைக் கேட்டியா நீ? நாலு தட்டு ஏத்துறதையே பெரிய வித்தைன்னு நினைச்சுக்கிட்டிருந்தவன் நான். கிணத்துத் தவளை. கிட்டப் போய்ப் பார்க்காம எப்படி இருக்கிறது?

– நீங்க அவங்களைப் பார்த்தீங்க. நான் யாரைப் பார்க்கிறது? எதிர்ல காலி நாற்காலி. நாற்காலிகிட்ட உப்பு போதுமான்னு கேட்கவா?

– தப்புதான்.

– பொண்ணு டிக்கெட்டைக் கையில கொடுத்துட்டு, ‘என்னம்மா ஆசை, சொல்லு’ன்னு கேட்டா. கடலைப் பார்க்கணும்னா சொன்னேன்? உங்கப்பாவும் நானும் எதிரும் புதிருமா உட்கார்ந்து ஒருவேளை ராத்திரிச் சாப்பாடு சாப்பிடணும்னு சொன்னேன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். நான் சட்டைக் கம்பெனி விட்டு வர்ற நேரம் நீங்க ஓட்டலுக்குக் கிளம்புற நேரம். வாசல்ல நின்னு சாவியைக் கைமாத்திக்கிட்டோமே, அதுதான் நம்ம குடித்தனம். லீவு நாள்ல ஒரு கல்யாண ஆர்டர் வந்துடும்.

– இப்பதான் ரிட்டயர் ஆயிட்டேனே. வீட்ல போய்...

– வீட்லயா? எட்டு மாசமா என்ன செய்றீங்க? எனக்குப் பரிமாறிட்டு, அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிறீங்க. இங்கேயாவது பரிமாற வேற ஆள் இருக்கே, சாக்கு சொல்ல முடியாதேன்னு நினைச்சேன். நாளைக்குக் காலையில இறங்கிடுவோம். இன்னைக்கு விட்டா அவ்வளவுதான்.

– சரி, சரி. கண்ணைத் துடை. என்னதான் போட்டுக்கணும், நீயே சொல்லு. அந்தக் கட்டம் போட்ட சட்டை?

– அது பகலுக்கு. இந்தக் கப்பல்ல பகல் உடுப்பு வேற, ராத்திரி உடுப்பு வேறன்னு இன்னும் புரியலையா உங்களுக்கு?

– புரியாம என்ன. காலையில இடுப்புத் துண்டும் ரப்பர் செருப்புமா லிஃப்ட்டுல என் காலை மிதிச்ச மனுஷன், ராத்திரி வெள்ளைக் கோட்டுல ராஜா மாதிரி வந்து நிக்கிறார். ‘இவரா அவரு’ன்னு வாயைப் பொளந்துட்டேன்.

– நீச்சல் குளத்துப் பக்கம் பார்த்தீங்களா? என் வயசு பொம்பளைங்க. தலை முழுக்க நரை. வயித்துல ஆபரேஷன் தழும்பு. நீச்சல் உடுப்பைப் போட்டுக்கிட்டு மகாராணி மாதிரி நடக்கிறாங்க. ஒரு ஈ காக்கா திரும்பிப் பார்க்கல. நான் மூணு நாளா தலைப்பை இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டு நின்னேன். நேத்துதான் கையை விட்டேன். அப்பா, என்னமா அடிச்சுது காத்து! இத்தனை வருஷம் இந்தக் காத்து எங்க இருந்துச்சுன்னு தோணுச்சு.

– நான் பார்த்தேன். மேல்தளத்துல நின்னியே. கூப்பிடலாம்னு வந்து, கூப்பிடாமத் திரும்பிட்டேன்.

– ஏன்?

– கெடுக்க மனசு வரல.

– இன்னொண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது. நேத்து லிஃப்ட்டுல ஒரு பெரியவருக்குப் பின்னால நின்னேன். விருந்துக்குப் போறார் போல, வெள்ளைச் சட்டை. காலரைப் பார்த்ததும் தெரிஞ்சு போச்சு. எங்க கம்பெனித் தையல். அந்த முனையில ஊசி திரும்புற இடம் இருக்கே, அதை நான் தூக்கத்துல கூடக் கண்டுபிடிப்பேன். எத்தனை லட்சம் காலர் ஓட்டியிருப்பேன், எண்ணி முடியுமா? காலரை ஓட்டி அடுத்த மெஷினுக்குத் தள்ளுவேன். முழுச் சட்டையா, ஒரு மனுஷன் கழுத்துல, நான் பார்த்ததே இல்லைங்க. நேத்துதான் பார்த்தேன். எவ்வளவு அழகா உட்கார்ந்திருந்துச்சு தெரியுமா!

– அவர்கிட்ட சொன்னியா?

– என்னன்னு சொல்ல? ‘ஐயா, உங்க கழுத்துல இருக்கிறது நான்’னா? அடுத்த துறைமுகத்துல இறக்கி விட்டுடுவாங்க.

– ஹஹ்ஹா!

– சிரிச்சது போதும். கோட்டைத் தொடாதீங்கன்னு சொன்னது பாக்கெட்டுல ஊசி நிக்குதுன்னுதான். இருங்க, எடுத்துடுறேன். இப்பப் போட்டுக்கங்க. இது பாக்கெட்டுல செருகின துணி, இது டை.

– சிவப்பு டையா? இந்தச் சரிகையை எங்கேயோ பார்த்திருக்கேனே... ஏய், கல்யாணப் புடவையை வெட்டிட்டியா?

– கத்தாதீங்க. முந்தானையில இல்ல, உள்ள சொருகுற பக்கம்தான். கட்டினா யாருக்கும் தெரியாது. மத்தியானம் நீங்க சர்வருங்க துணி மடிக்கிறதை வேடிக்கை பார்க்கப் போனீங்களே, அப்ப தச்சேன். இதுக்கு மேலயும் எவனாவது உங்களைப் பார்த்து விரலைத் தூக்கினா, அவனுக்குக் கண்ணு சரியில்லைன்னு அர்த்தம். ஆள் பாதி, ஆடை பாதி.

– என் விஷயத்துல ஆடை முக்கால். காட்டு, கண்ணாடியில பார்க்கிறேன்... அடேயப்பா. யாரு இந்த ஆளு?

– என் வீட்டுக்காரர். நகருங்க, நானும் பார்த்துக்கிறேன்.

– பொண்ணு கொடுத்த உயரச் செருப்பு எங்க?

– பெட்டியில தூங்குது. அதுல ஏறினா நான் விருந்துக்குப் போக மாட்டேன், நேரா கடலுக்குத்தான். வாங்க, மணி அடிச்சுட்டாங்க.

– மெல்ல வா. படிக்கட்டு கண்ணாடி. உள்ளேயே விளக்கு எரியுது.

– கால் வைக்கவே பயமா இருக்குங்க. அண்ணாந்து பாருங்களேன், மூணு மாடி உயரத்துக்குத் தொங்குது அந்த விளக்கு! அத்தனை பளிங்கு. ஒண்ணுகூட ஆடல.

– ஜன்னலைப் பாரு. கடல் பூரா செம்பு நிறமாயிடுச்சு.

– ஐயையோ, எல்லாரும் நம்மளையே பார்க்கிறாங்க.

– உன்னைப் பார்க்கிறாங்க. முப்பத்தஞ்சு வருஷம், படி இறங்கி வர்ற ஜோடிங்களுக்குக் கதவைத் திறந்து விட்டவன் நான். ஒருத்தியும் இப்படி இறங்கினதில்ல.

– வாயைப் பாரு.

– நிஜமாத்தான்.

– வணக்கம் சார். வணக்கம் மேடம். ஜன்னலோர மேஜை உங்களுக்கு. டை ரொம்ப அழகா இருக்கு சார்.

– காலர்காரி, இவர்தான்! எட்டுத் தட்டுக்காரர்!

– முந்தாநாள் எங்க சமையக்கட்டு முழுக்க உங்க பேச்சுதான் சார். ஒரு சொட்டு சிந்தாம நாலு மேஜைக்கு சூப்பு வச்சது யாருன்னு. இன்னைக்கு நீங்க உட்காரணும். சூப்பை நாங்க கொண்டு வர்றோம்.

– கேட்டீங்களா? பெரிய இடத்து உத்தரவு.

– கேட்டேன், கேட்டேன். போயிட்டு வாங்க தம்பி... அதோ, அந்த அம்மா மறுபடியும் விரலைத் தூக்குறாங்க.

– உங்களைப் பார்த்து இல்ல. உங்களைத் தாண்டி, பின்னால நிக்கிறவரை. டை வேலை செய்யுது.

– ஆமா. என் மேல கண்ணே படல.

– அப்புறமென்ன, உட்காருங்க.

– ம்.

– என்ன ‘ம்’? என் நாற்காலியை இழுத்துப் போட்டாச்சு. மடியில துணி விரிச்சாச்சு. தண்ணியும் ஊத்தியாச்சு. இன்னும் என் பின்னாலேயே நின்னா எப்படி?

– கப்பல் ஆடுது.

– ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கிளாஸ்ல தண்ணி அசையல, உங்களுக்கு மட்டும் ஆடுதா?

– சொல்றேன் கேளு. கோட்டு மேல தப்பில்ல. முந்தாநாள் அந்த அம்மா விரலைத் தூக்கலேன்னாலும் நான் எழுந்திருப்பேன்.

– என்னங்க சொல்றீங்க?

– நின்னா கைக்கு வேலை இருக்கு. எதை எடுக்கணும், எதை வைக்கணும், எப்ப விலகணும், எல்லாம் தெரியும். உட்கார்ந்தா எதிர்ல நீ இருக்கே. இவ்வளவு கிட்டத்துல, இவ்வளவு வெளிச்சத்துல, உன் முகத்தை ஒரு மணி நேரம் நான் பார்த்ததே இல்ல. எத்தனை ஜோடிங்களுக்குப் பரிமாறியிருக்கேன். சாப்பிட்டுக்கிட்டே பேசுறாங்க, சிரிக்கிறாங்க. என்ன பேசுவாங்கன்னு காது கொடுத்துக் கேட்டதில்ல. கேட்கக் கூடாது, அது தொழில் மரியாதை. அதனால எனக்குத் தெரியாமலேயே போச்சு. பயமா இருக்கு.

– எங்கிட்டயா பயம்?

– உங்கிட்டதான். இத்தனை வருஷம் ஆசைப்பட்டு உட்கார வச்சு, ‘சே, இந்த மனுஷன்கிட்ட பேச ஒண்ணுமே இல்லையே’ன்னு உனக்குத் தோணிட்டா? அதுக்கப்புறம் நான் எங்க போய் நிக்கிறது?

– அந்தப் பாக்கெட்டுத் துணியைக் கொஞ்சம் கொடுங்க.

– அழுறியா?

– எண்ணூறு பேருக்கு நடுவுல யாராவது அழுவாங்களா? சரி. நில்லுங்க. உங்களுக்கு எது தெரியுமோ அதையே செய்ங்க. எங்கிட்ட ஆர்டர் எடுங்க.

– விளையாடாத.

– விளையாடல. ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கேட்டிருக்கீங்க. என்னை ஒருநாள் கேட்டதில்ல. கேளுங்க.

– பக்கத்து மேஜையில பார்க்கிறாங்க.

– பார்க்கட்டும். நடுக்கடல்ல நமக்கு என்ன சொந்தக்காரங்களா இருக்காங்க? எதிர்ல வந்து நின்னு கேளுங்க.

– வணக்கம் மேடம்.

– காதுல விழல.

– வணக்கம் மேடம். உங்களுக்கு என்ன கொண்டு வரட்டும்?

– என் வீட்டுக்காரரைக் கொண்டு வந்து அந்த நாற்காலியில வைங்க. சொல்லி ரொம்ப நேரமாச்சு, ஆறிப் போயிருந்தாலும் பரவாயில்ல.